‘மண்ணின் மைந்தரும்’ ‘வந்தேறிகளும்’: மஹ்மூத் மம்தானியின் ஆய்வுப்பணியும் சப்ரகமுவத் தோட்டங்களும்

ஆபிரிக்க நாடுகளின் சுதந்திரத்துக்குப் பிந்திய அரசியலை ஆராய்ந்தோருள் உகண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி தனியிடம் பெறுபவர். பல்கலைக்கழகத் துறைப் பாகுபாட்டின்படி அவர் அரசியல் விஞ்ஞானியாகவும் மானிடவியலாளராகவும் கணிக்கப்படுகின்றார். எனினும் அவர் நூல்களுட் பெரும்பாலானவை வரலாற்றாய்வு நூல்களே. காலனித்துவ அரசு எத்தகைய மனிதர்களை உருவாக்கிற்று, அவ்வரசு நீங்கிய பின்னரும் அந்த உருவாக்கம் நீங்காதிருப்பது ஏன் என்னும் இரு வினாக்களே அவரது ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுப்பணியின் அச்சாக அமைந்துள்ளன.

மலையகத் தமிழர் பற்றிய எமது ஆய்வுகளில் இவ்வினாக்கள் எழுப்பப்பட வேண்டிய அளவுக்கு எழுப்பப்பட்டுள்ளன எனக் கூறுதற்கில்லை. மலையகம் என்றவுடன் நுவரெலியா, அற்றன், தலவாக்கலை ஆகிய பிரதேசங்களே எம் நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் சிதறி வாழும் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு எமது கவனத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் இலங்கையில் ‘மண்ணின் மைந்தன்’ யார், ‘வந்தேறி’ யார் என்ற வினா நீதிமன்றத்தின் உச்சப்படி வரை சென்றது சப்ரகமுவ மண்ணிலிருந்துதான். மம்தானியின் ஆய்வு வாழ்வைச் சுருக்கமாக அறிமுகம் செய்வதும், அவருடைய கருத்துக்களின் துணையுடன் சப்ரகமுவத் தோட்டங்களின் அரசியல் வரலாற்றை நோக்குவதும், அவ்வாறு நோக்கும்போது அக்கருத்துக்களின் எல்லை எங்கே புலப்படுகின்றது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆய்வாளரின் வாழ்வு

மம்தானி 1946ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். உகண்டாவின் தலைநகராகிய கம்பாலாவில் வளர்ந்தவர். 1963இல் புலமைப்பரிசில் பெற்று ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கறுப்பின மக்களின் குடியியல் உரிமைப் போராட்டம் உச்சநிலை எய்தியிருந்த காலம் அது. அலபாமா மாநிலத்து மொன்ற்கொமரியில் நிகழ்ந்த ஆர்ப்பாட்டத்திற் பங்குபற்றியமைக்காகச் சிறை சென்ற மாணவருள் அவரும் ஒருவர். பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வை மேற்கொண்டார். அப்பட்டம் 1974இல் வழங்கப்பட்டது.

1972ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். அவ்வாண்டிலேதான் இந்தியப் பஞ்சாப் கிராமமொன்றில் நடைபெற்ற குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தோல்வியை விளக்கும் அவரது முதல் நூல் வெளிவந்தது. ஏழைக் குடியானவன் அறியாமையினாற் பல பிள்ளைகளைப் பெறுகின்றான் என்ற மேலைத்தேயக் கூற்றை மறுத்து, உழைக்கும் கரங்கள் தேவைப்படுவதனாலேயே அவன் அவ்வாறு முடிவுசெய்கின்றான் என அந்நூலில் அவர் நிறுவினார். அதே ஆண்டில் உகண்டாவுக்கு மீண்டு மக்கரேரே பல்கலைக்கழகத்திற் பணியேற்றார். ஓகஸ்ட் மாதத்தில் இடி அமீன் ஆசிய வம்சாவளியினர் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டார். மம்தானியும் வெளியேற்றப்பட்டு இலண்டனில் ஓர் அகதி முகாமை அடைந்தார். பிரஜை அகதியாக்கப்பட்ட அவ்வனுபவத்தை 1973இல் நூலாக எழுதினார்.

அகதியானவர் மேலை நாட்டிலேயே நிலைத்திருக்கலாம். அவரோ 1973இல் தன்சானியாவின் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஐரோப்பா ஆபிரிக்காவை எவ்வாறு பின்தங்கச் செய்தது என்பதை எழுதிய கயானா நாட்டு வரலாற்றாசிரியர் வோல்டர் றொட்னியும் அக்காலத்தில் அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். வர்க்கமும் அரசும் பற்றிய காரசாரமான விவாதங்களின் நிலைக்களமாக அப்பல்கலைக்கழகம் விளங்கிற்று. அச்சூழலில் உருவான மம்தானியின் 1976ஆம் ஆண்டு நூல் உகண்டாவின் அரசியலை வர்க்க உருவாக்கத்தின் வரலாறாக விளக்கிற்று. ஆசியர் வெளியேற்றத்தை வெறும் இனவெறியாகவோ தனியொரு சர்வாதிகாரியின் பித்தாகவோ அவர் காணவில்லை. வணிகத்தில் ஆசியருக்குக் காலனித்துவம் ஒதுக்கிய இடமும், அவ்விடத்தைக் கைப்பற்ற முனைந்த உள்நாட்டுச் சிறுமுதலாளித்துவத்தின் எழுச்சியுமே அதன் அடிப்படை என்றார்.

அமீனின் வீழ்ச்சிக்குப் பின்னர் அவர் மக்கரேரேக்குத் திரும்பினார். 1984இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் ஒரு மாநாட்டிற் கலந்துகொண்டிருந்தபோது, ஒபோட்டே அரசாங்கம் தன்னை விமரிசித்தமைக்காக அவருடைய பிரஜாவுரிமையைப் பறித்தது. அவர் நாடற்றவரானார். 1986இல் ஆட்சி மாறியதும் நாடு திரும்பி, உள்ளூராட்சி முறையை விசாரித்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1987 முதல் 1996 வரை கம்பாலாவின் அடிப்படை ஆய்வு நிலையத்தின் தாபகப் பணிப்பாளராக விளங்கினார். 1996இல் கேப்ரவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். நிறவெறி நீங்கிய தென்னாபிரிக்காவில் ஆபிரிக்காவைப் பற்றி என்ன கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவில் நிர்வாகத்தினருடன் முரண்பட்டார். 1999 முதல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 2010 முதல் 2022 வரை மக்கரேரே சமூக ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராகவும் கடமையாற்றினார்.

இருமுறை தாய்நாட்டை இழந்த ஒருவர் பிரஜாவுரிமையைத் தம் ஆய்வின் மையமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயின் அவர் அதனைத் தனிமனிதத் துயராகவோ ஒரு சிறுபான்மையினரின் முறைப்பாடாகவோ எழுதவில்லை. அரசின் அமைப்பைப் பற்றிய வினாவாக எழுதினார். எமக்கு அவர் முக்கியமாவது இதனாலேயே.

இரண்டாகப் பிளவுண்ட அரசு

‘பிரஜையும் ஆளப்படுவோனும்’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1996இல் வெளிவந்த நூலே மம்தானியின் தலையாய நூலெனக் கொள்ளப்படுகின்றது. காலனித்துவ அரசு ஆபிரிக்காவில் இரு முகங்களுடன் இயங்கிற்று என்பது அதன் வாதம். நகரத்தில் ஐரோப்பியருக்கும், படிநிலையில் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட பிற குடியேறியோருக்கும் குடியியற் சட்டம் உரியதாயிற்று. கிராமத்திற் சுதேசிகள் ‘வழமைச் சட்டம்’ என்ற பெயரில், ஆட்சியாளரால் நியமிக்கப்பட்ட தலைவரின் அதிகாரத்தின்கீழ் ஆளப்பட்டனர். வரி விதித்தல், வேலை வாங்கல், தீர்ப்பளித்தல், தண்டித்தல் ஆகிய யாவும் அத்தலைவனின் ஒரே கையில் இருந்தன. இதனைப் பரவலாக்கப்பட்ட கொடுங்கோன்மை என மம்தானி வருணித்தார். சுதந்திரம் பெற்ற ஆபிரிக்க அரசுகள் நகரத்தின் இனப்பாகுபாட்டை ஒழித்தன. கிராமத்தின் ஆட்சிமுறையையோ பெரும்பாலும் அவ்வாறே விட்டுவிட்டன என்பது அவர் முடிபு.

ருவாண்டாவில் 1994இல் நிகழ்ந்த இனப்படுகொலையை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டு நூலில் இக்கருத்து மேலும் விரிவுபெற்றது. பெல்ஜிய ஆட்சி துட்சியரை வெளியிலிருந்து வந்த இனமாகவும், ஹுட்டுக்களைச் சுதேசிகளாகவும் சட்டத்திலும் அடையாள அட்டையிலும் பதித்தது. காலனித்துவம் போன பின்னரும் ‘வந்தேறி’ என்ற முத்திரை அழியவில்லை. அதே நூலில் உகண்டாவைப் பற்றி மம்தானி கூறும் ஒரு செய்தி எம் கவனத்துக்குரியது. 1980களின் ஆயுதப் போராட்டக் காலத்தில் எதிர்ப்பியக்கம் அமைத்த மக்கள் சபைகளில் உறுப்புரிமைக்கு வதிவிடமே அளவுகோலாயிருந்தது. 1990இல் ஆட்சியாளர் அவ்வளவுகோலைக் கைவிட்டு மூதாதையர் பிறப்பிடத்துக்குத் திரும்பினர். அதன் விளைவாக உகண்டாவில் வாழ்ந்த ருவாண்டா அகதிகள் மீண்டும் அந்நியராயினர். வதிவிடமா, வம்சமா என்ற இத்தெரிவே காலனித்துவத்துக்குப் பிந்திய அரசியலின் மையப் பிரச்சினை என்பது மம்தானியின் நிலைப்பாடு. 2020இல் வெளிவந்த நூலில் இதனை உலகளாவிய நிலையில் நோக்கி, தேசிய அரசு நிரந்தரப் பெரும்பான்மையையும் நிரந்தரச் சிறுபான்மையையும் ஒருங்கே உற்பத்தி செய்கின்றது என்றார்.

சப்ரகமுவ: கிராமமும் தோட்டமும்

இனிச் சப்ரகமுவவை நோக்குவோம். 1815இல் பிரித்தானியர் வசமாகிய கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதி இது. 1889இல் தனி மாகாணமாக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டமும் 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டமும் கிராமத்தவர் சேனைப்பயிர் செய்த நிலங்களையும் காடுகளையும் அரசுடைமையாகக் கருதத் துணைசெய்தன. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் களனிப் பள்ளத்தாக்கை நிறைத்தன. ஒடுக்கமான இருப்புப்பாதை எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது.

இத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். முன்பணக் கடன், ‘துண்டு’ முறை, வேலையை விட்டு நீங்குவோரைக் குற்றவாளியாக்கிய சட்டங்கள் என்பவற்றால் அவர்கள் தோட்டத்தோடு பிணைக்கப்பட்டனர். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டத்திற் பெயர் பதிய இயலாதிருந்தது. காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை, லயத்துக் காம்பரா முதல் பிள்ளைக்காம்பரா வரை, வாழ்வின் ஒவ்வொரு கூறும் துரையின் அதிகாரத்திற்குட்பட்டிருந்தது.

தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமம் வேறோர் ஆட்சிமுறைக்கு உட்பட்டிருந்தது. கண்டிச் சட்டமும், 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் புத்துயிர் பெற்ற கிராமச் சபையும், ஊர்த் தலைமைக்காரனும் அங்கே ஆட்சி செய்தனர். வழமையைப் பாதுகாத்தல் என்ற பெயரில் ஆளும் முறைக்குக் கருத்தியல் அடிப்படை வழங்கியவராக மம்தானி தம் 2012ஆம் ஆண்டு நூலிற் சுட்டும் ஹென்றி மெயின், கிராம சமுதாயங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டதும் இதே 1871இலேதான்.

இவ்விடத்தில் ஆபிரிக்க மாதிரியிலிருந்து சப்ரகமுவ வேறுபடுவதைக் காணலாம். மம்தானி கூறும் அரசு இரு பகுதிகளையுடையது: குடியியற் சட்டத்துக்குரிய நகரம் ஒன்று, வழமைச் சட்டத்துக்குரிய கிராமம் மற்றொன்று. சப்ரகமுவவில் இவற்றுக்கு அப்பால் மூன்றாவது வெளியொன்று இருந்தது. அதுவே தோட்டம். தோட்டத் தொழிலாளி நகரத்துப் பிரஜையுமல்லன். கிராமத்து வழமைக்கு உரியவனுமல்லன். தொழிற் சட்டத்தின் வாயிலாக மட்டுமே அரசு அவனை அறிந்திருந்தது. 1937இல் கிராமச் சபை வாக்குரிமை விரிவாக்கப்பட்ட வேளையிலும் தோட்டத்து இந்தியத் தொழிலாளர் அதற்குப் புறத்தேயே நிறுத்தப்பட்டனர்.

இம்மூன்றாம் வெளி காலனித்துவத்தோடு மறைந்துவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. தோட்டத் தொழிலாளி வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவனுடைய லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட முடியாத நிலை! அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இலேதான். அரசின் பிளவுபட்ட அமைப்பு சுதந்திரத்தின் பின்னரும் நிலைக்கின்றது என்ற மம்தானியின் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கேகாலையிலிருந்து சென்ற இரு வழக்குகள்

சப்ரகமுவவின் அரசியல் வரலாற்றில் இரு வழக்குகள் தனிக்கவனத்துக்குரியன. இரண்டும் கேகாலை மாவட்டத்தில் எழுந்தவை. இரண்டும் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தில் முடிவடைந்தவை.

முதலாவது நேவ்ஸ்மயர்த் தோட்ட வழக்கு. காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளித்தற்பொருட்டு உந்துகொடைப் பகுதியிலுள்ள இத்தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர், அவர்கள் மறுத்தனர். 1946இல் இப்பிரச்சினையை முன்னிட்டுக் களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களிற் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. லயத்தை விட்டு நீங்காதோர் மீது குற்றமுறையான அத்துமீறல் என்ற குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டது. ‘அரசர் எதிர் செல்வநாயகம்’ எனப்படும் அவ்வழக்கிற் கோமறைக் கழகம் 1950இல் தொழிலாளருக்குச் சார்பாக முடிவு கூறிற்று. தாம் வாழ்ந்த இடத்திலேயே இருக்கவேண்டுமென்பதே அவர்களின் முதன்மை நோக்கம். அத்துவிப்பவருக்குத் தொந்தரவு விளைவிப்பதன்று. ஆதலின் அது குற்றமாகாது என்பது அதன் சாரம்.

இவ்வழக்கில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு சாராரையும் நாம் நினைத்துப்பார்த்தல் வேண்டும். ஒருபுறம் மூதாதையரின் நிலத்தைத் தோட்டத்திடம் இழந்து காணியற்றுப்போன சிங்களக் குடியானவன். மறுபுறம் அத்தோட்டத்தைத் தன் உழைப்பால் உருவாக்கி, ஒரு காம்பராவுக்கு மேல் எதனையும் பெறாத தமிழ்த் தொழிலாளி. இருவரையும் வஞ்சித்தது ஒரே பெருந்தோட்ட முறையே. ஆயினும் காணியில்லாமை என்ற வர்க்கப் பிரச்சினை, ‘எம்மவர் நிலத்தில் அந்நியர்’ என்ற இனப் பிரச்சினையாக உருமாற்றப்பட்டது. குடியேற்றக்காரன் தோட்டத்துரை என்பது மறக்கப்பட்டு, அவனுடைய கூலியாள் குடியேற்றக்காரனாக்கப்பட்டான்.

இரண்டாவது வழக்கு ருவன்வெல்லைத் தேர்தற் தொகுதியிற் பிறந்தது. அதன் பின்னணியைச் சிறிது கூறவேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவை மத்திய மாகாணத்தையும் ஊவாவையும் சார்ந்தவை. சப்ரகமுவவிலே தொழிலாளர் சிதறி வாழ்ந்தமையால் தமக்கென ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்ய இயலவில்லை. எனினும் அவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. ருவன்வெல்லையில் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா 1936இல் அரசாங்க சபைக்கும் 1947இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானவர். சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்கலாம் என்ற சாத்தியத்தை ஆளும் வர்க்கம் இங்கே கண்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இச்சாத்தியத்தை முறித்தது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது; தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டுமென அது விதித்தது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்டங்களில் பாட்டனின் பிறப்பை எவ்வாறு நிறுவுவது? கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் தோட்டங்களை நிலைநிறுத்திய பெண்களின் வழி இச்சட்டத்துக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோருக்கு ஏழாண்டும் ஏனையோருக்குப் பத்தாண்டும் இடையறாத வதிவை வேண்டிற்று. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டபோதும், ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிட்டிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதோரின் வாக்கை நீக்கிற்று. பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர். அதனை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் பின்னர் அமைச்சராகி, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார் என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்க்கப்படாத கொடக்கன் பிள்ளை என்பவர் இச்சட்டங்களின் செல்லுபடியை எதிர்த்தார். ஒரு சமூகத்துக்கு மட்டும் இயலாமையை விதிக்கும் சட்டத்தைச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடைசெய்கின்றது என்பது அவரது வாதம். திருத்தும் உத்தியோகத்தரான சிவஞானசுந்தரம் அவ்வாதத்தை ஏற்றுப் பெயரைச் சேர்க்குமாறு பணித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை இரத்துச்செய்தது. 1953இற் கோமறைக் கழகம் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் இயல்பு அவர்களின் பிரஜாவுரிமைத் தகுதியைத் தீர்மானிப்பதற்குப் பொருத்தமானதே எனக் கொள்ளப்பட்டது.

இரு தீர்ப்புக்களையும் அருகருகே வைத்து நோக்குக. 1950இல் அதே மாவட்டத்துத் தொழிலாளியின் குற்றமின்மைக்குக் காரணமாயிருந்தது அவன் வாழுமிடத்தை விட்டு அகல விரும்பாமை. 1953இல் அவன் வகுப்பினரின் தகுதியின்மைக்குக் காரணமாகக் கூறப்பட்டது நிலைத்து வாழாமை. லயத்தில் இருக்கும் உரிமையின் எல்லையிலே சட்டம் அவனுடைய வதிவைக் கண்டது. நாட்டின் அரசியற் சமுதாயத்திற் பங்குபெறும் உரிமை எழுந்தபோது அதே சட்டம் அவ்வதிவைக் காண மறுத்து வம்சத்தைக் கேட்டது. வதிவிடமா வம்சமா என்ற மம்தானியின் வினா 1990இல் உகண்டாவில் எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே ருவன்வெல்லையில் எழுந்து, வம்சத்தின் பக்கம் தீர்க்கப்பட்டுவிட்டது.

சட்டத்திலிருந்து வன்செயலுக்கு

சட்டத்தில் அந்நியராக்கப்பட்டோர் நடைமுறையில் அகற்றப்படத்தக்கோராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1964இன் ஒப்பந்தத்தைச் செய்த கூட்டரசாங்கத்தில், ஒருகாலத்திற் சப்ரகமுவத் தொழிலாளரின் வாக்கைப் பெற்ற என்.எம். பெரேரா நிதியமைச்சராயிருந்தார் என்பது இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம். தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டவர்கள் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா இறப்பர்த் தோட்டங்களிலும் மீண்டும் அதே தொழிலைத் தொடங்கினர்.

1971 ஏப்ரலிற் கேகாலை மாவட்டம் மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. வேலையற்ற கிராமிய இளைஞரின் நியாயமான கோபம் அதிலே வெளிப்பட்டது. ஆனால் அவ்வியக்கத்தின் ஐந்து வகுப்புக்களுள் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளரை அது அவ்விஸ்தரிப்பின் கருவியாகக் கண்டது. உழைக்கும் வர்க்கத்தின் பெயரால் எழுந்த கிளர்ச்சி, அயலிலிருந்த மிகப்பெரிய உழைக்கும் கூட்டத்தை அந்நியமாகக் கருதியமை காலனித்துவ வகைப்பாடு எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களைத் தனியாரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் மீட்டன. ஆயின் மீட்கப்பட்ட நிலத்தில் நாடற்ற தொழிலாளிக்குப் பங்கில்லை. நிலம் தேசமயமாயிற்று; அதில் உழைத்தவன் தேசத்துக்குப் புறத்தே நின்றான். 1977 ஓகஸ்டில் வன்செயல் தோட்டங்களிற் பரவியபோது அகதிகளான பல குடும்பங்கள் வவுனியாவை நோக்கிச் சென்றன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 1983இல் அவலம் மீண்டும் நிகழ்ந்தது. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களால் சூழப்பட்டுச் சிறுசிறு தீவுகளாயிருந்தமை பாதுகாப்பின்மையைப் பெருக்கிற்று. எனினும் எல்லாக் கிராமத்தவரும் தாக்கியோரல்லர். அயலவரை மறைத்துக் காத்தோரும் இருந்தனர். அண்மை, அதனளவிற் பகையையோ நட்பையோ உண்டாக்குவதில்லை. அண்மையில் வாழ்வோரைச் சட்டமும் அரசியலும் எவ்வாறு பெயரிடுகின்றன என்பதே தீர்மானிக்கின்றது.

1986ஆம், 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை நீக்கின. மம்தானி நாடற்றவராக்கப்பட்ட 1984ஆம் ஆண்டிற் சப்ரகமுவவின் தொழிலாளர் பலரும் அவ்வாறே இருந்தனர். அவர் ஈராண்டிலே தாயகம் மீண்டார். இவர்களுட் சிலருக்கு மேலும் 19 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஒப்பீட்டின் எல்லைகள்

மம்தானியின் கருத்துக்களை அவ்வாறே எடுத்துப் பொருத்துவது ஆய்வாகாது. மூன்று வேறுபாடுகளை நாம் சுட்டவேண்டும்.

முதலாவது, உகண்டாவின் ஆசியருட் செல்வாக்குப் பெற்றிருந்தோர் வணிகர். சப்ரகமுவத் தமிழர் பாட்டாளிகள். அங்கே ‘வந்தேறி’ என்ற சொல் சலுகை பெற்ற ஓர் இடைத்தட்டைச் சுட்டியது. இங்கே அடித்தட்டினரைச் சுட்டியது. ஆதலின் ஒரே சொல் இரு வேறு வர்க்க உறவுகளை மறைக்கின்றது. இரண்டாவது, மம்தானியின் பிற்கால நூல்கள் சட்டத்தையும் அரசியல் அடையாளத்தையும் முதன்மைப்படுத்துவதால் உழைப்பும் உற்பத்தி உறவும் பின்தள்ளப்படுகின்றன என்ற விமரிசனம் உண்டு. தோட்டத்தைப் பொறுத்தவரை இது நியாயமானதே. தொழிலாளியை வாக்கற்றவனாக்கியது அவனை மலிவான உழைப்பாளியாக வைத்திருப்பதற்கும் உதவிற்று. அவருடைய 1976ஆம் ஆண்டு நூலையும் 1996ஆம் ஆண்டு நூலையும் இணைத்து வாசிக்கும்போதே தோட்டம் முழுமையாகப் புலப்படும். மூன்றாவது, பெண் தொழிலாளர். குடியுரிமை தந்தைவழியாகக் கணிக்கப்பட்டமையும், பெண்ணின் சம்பளத்தைக் கணவனே கையேற்கும் வழக்கமும் ஒரே ஆணாதிக்க அமைப்பின் இரு முகங்களாகும்.

இக்குறைகளை நிரப்புதற்கு எம் நாட்டிலேயே ஒரு மரபு உண்டு. மம்தானி வெளியேற்றப்பட்ட அதே 1972இலே குமாரி ஜயவர்த்தனாவின் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய நூல் வெளியாயிற்று. இன, வர்க்க முரண்பாடுகள் பற்றி 1985இலும், றேச்சல் குரியனுடன் இணைந்து தோட்டங்களின் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் பற்றி 2015இலும் அவர் எழுதினார். உழைப்பிலிருந்து தொடங்கி அடையாளத்தை நோக்கிய அவர் ஆய்வும், அடையாளத்திலிருந்து அரசை நோக்கிய மம்தானியின் ஆய்வும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன.

முடிவுரை

சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை 2003உடன் தீர்ந்துவிட்டதெனக் கருதுவோர் உளர். பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது மெய்யே. ஆனால் பிரஜை என்பவன் பத்திரத்தை வைத்திருப்பவன் மட்டுமல்லன். தான் வாழுமிடத்தின் வாழ்வைத் தீர்மானிப்பதிற் பங்குபெறுபவனே பிரஜை. காணியுரித்து இல்லாத லயம், 1992இற் கம்பனிகளின் முகாமைக்கு மீண்டும் கையளிக்கப்பட்ட தோட்டம், தாய்மொழிக் கல்விக்கு வாய்ப்புக் குன்றிய சூழல், சிதறி வாழ்வதாற் பிரதிநிதித்துவம் பெறவியலாமை என்பன அம்மூன்றாம் வெளி இன்னும் முற்றாக அழியவில்லை என்பதைக் காட்டுகின்றன.

காலனித்துவம் ‘மண்ணின் மைந்தன்’, ‘வந்தேறி’ என்ற இருவரையும் ஒருங்கே படைத்தது. ஒருவரை மட்டும் ஒழித்து மற்றவரை விடுவிக்க இயலாது என்பது மம்தானியின் வாழ்நாள் ஆய்வு எமக்குக் கூறும் பாடம். கேகாலையின் காணியற்ற சிங்களக் குடியானவனும் நேவ்ஸ்மயர் லயத்தை விட்டு நீங்க மறுத்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே வரலாற்றின் இரு பிள்ளைகள். அவ்விருவரின் வரலாற்றையும் ஒரே வரலாறாக எழுதும் பணி எமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ளது. அதற்கான மூலங்கள் இலண்டனில் மட்டும் இல்லை. கச்சேரியின் பழைய கோவைகளிலும், தோட்டத்துச் செக்றோல் ஏடுகளிலும், தொழிற்சங்கக் கடிதங்களிலும், லயத்து முதியோரின் நினைவுகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. ஏடுகள் கறையான் வாய்ப்படுமுன், முதியோர் மறையுமுன், தமிழறிந்த மாணவரும் சிங்களமறிந்த மாணவரும் ஒருங்கு கூடி அவற்றைத் திரட்டுதல் வேண்டும். வதிவையும் உழைப்பையும் அளவுகோலாகக் கொண்ட ஓர் அரசியற் சமுதாயத்தை வேண்டுவோர், முதலில் அவ்வளவுகோலால் தம் வரலாற்றை எழுதத் தொடங்குதல் அவசியமாகும்.